முடியாது என்று சொல்லப் பழக்கினேன்

அரசு நடத்தும் முன்னாள் ராணுவத்தார் இல்லத்தில் அப்பாவுக்கு ஒரு கட்டில் கேட்டுப் போன நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கவாதத்தில் அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. தூக்கிக் குளிப்பாட்டி, துடைத்து, துணி மாற்ற நான் ஒருத்திதான். என் முதுகும் போன பிறகுதான் திருச்சுழியில் வாடகைக் கார் பிடித்தோம்.

படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் சேர, அங்கே ஒரு நேர்காணல். கேள்வி கேட்டவரும் ரிட்டயரான ராணுவ அதிகாரி. அவரைப் பார்த்ததும் அப்பா சக்கர நாற்காலியிலேயே விறைத்து உட்கார்ந்தார்.

"தானா குளிப்பீங்களா?"

"எஸ் சார்!"

"நடப்பீங்களா?"

"எஸ் சார்!"

"எதுவும் சிரமம்?"

"நோ சார்!"

அட கடவுளே! காலையில் வேட்டி கட்டிவிட்டவள் பக்கத்திலேயே நிற்கிறேன். "சார், அவுக பொய் சொல்றாக. ஒரு எட்டு வைக்க முடியாது அவுகளால" என்று கத்தினேன்.

"அவரே சொல்றாரேம்மா" என்று சொல்லி, உதவி தேவையில்லை என எழுதிவிட்டார் அதிகாரி. அதிகாரி கேட்டால் பட்டாளத்துக்காரன் வாயில் வேறென்ன வரும்? அது தெரியாதவரா அந்த மனிதர்? அவரும் அதே பட்டாளத்தில்தானே சோறு தின்றார்?

இனி ஆறு மாதம் கழித்துத்தான் கேட்க முடியுமாம். திரும்பும் வழியில் பந்தல்குடி தாண்டியதும் அப்பாவையும் பிடித்துக்கொண்டேன். "அங்க போயி என்ன வீராப்பு உங்களுக்கு? முடியலைன்னு சொன்னா குறைஞ்சா போயிருவீக?"

"ஆபீசர் கேக்கையில அப்படிச் சொல்ல வாய் வரலை தாயி."

வரவைத்தேன். தினமும் சாயங்காலம் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு, அதிகாரி மாதிரி உட்கார்ந்து கேட்டேன். "எஸ்..." என்று ஆரம்பிப்பார். "தப்பு, மறுபடி சொல்லுங்க" என்பேன். எல்லையில் பனியில் நின்ற மனிதருக்கு, என்னால் முடியாது என்று சொல்ல மகள் நான் டிரில் எடுத்தேன். இந்தக் கேவலத்தை எவனிடம் போய்ச் சொல்ல?

மறுமுறை அதே அதிகாரி, அதே கேள்வி.

"முடியாது சார்" என்றார் அப்பா. அதோடு நிற்கவில்லை. நான் சொல்லித்தராததையும் சொன்னார். "பீ மூத்திரம் அள்ளுறதும் எம் மகதான் சார்."

அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். கட்டில் கிடைத்தது. நர்ஸுகள் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரரோடு சிரித்துப் பேசுகிறாராம். நான் போய் நின்றால் மட்டும், அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை.