கிழக்குப் பக்கத்துக் கூரை

வெடிச் சத்தத்தில்தான் பனி சரிந்தது என்று பல வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு நித்திரை வந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு பழைய மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, அவளுடைய தம்பி, மூன்றே பேர். செங்குத்தான தகரக் கூரை. அந்த மார்கழியில் விழுந்த முதல் பனி கூரையிலேயே கிடந்து, குளிரில் சீனிபோல் உதிரியாகிப்போயிருந்தது. அதன்மேல் மழை பெய்து உறைந்து பனிக்கட்டி ஓடு கட்டியது. பொங்கலுக்கு முந்திய இரண்டு நாளும் புயல். வடமேற்குக் காற்று மறுபக்கத்துப் பனியையும் வாரிவந்து கிழக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போனது.

பொங்கலன்று காலை நல்ல வெயில். அடுப்படிக்குள் பொங்குவது ஒரு பொங்கலா என்று பிடிவாதம் பிடித்தவன் நான். சூரியனைப் பார்த்துத்தான் பொங்கவேண்டும். வேலியோரம் மூட்டிய நெருப்பைக் காற்று அணைத்தது. ஆகவே கிழக்குச் சுவரோடு ஒட்டி மூன்று கல் வைத்து மறுபடி மூட்டினேன்.

மனைவி மேலே பார்த்தாள். "இஞ்சருங்கோ, உந்தப் பனியிலை நீளத்துக்கு ஒரு வெடிப்புத் தெரியுது. வேலிப்பக்கமே வைப்பம்."

"அங்கை நெருப்பு நிக்காது. நீர் பாலை ஊத்தும்."

இன்னொருமுறை சொன்னாள். எரிந்து விழுந்தேன். அவள் பானையடியில் குந்தினாள்.

பால் பொங்கியது. வேலியடியில் நின்ற மச்சான் சீனவெடிக் கட்டைக் கொளுத்தினான். வெடி ஓய்வதற்குள் தகரம் சீறியது. கூரைப் பனி முழுவதும் ஒரே பலகையாக வழுக்கி வந்து நிலத்தில் இடித்தது. நான் அரிசிச் சட்டியோடு நாலடி தள்ளி நின்றேன். பானை இல்லை, அடுப்பு இல்லை, மனைவி இல்லை.

அந்த நேரத்தில் நான் செய்த காரியம் இது: மச்சானின் ஜாக்கெட்டைப் பிடித்து முகத்தில் குத்தினேன். "உன்ரை வெடியடா. உன்ரை வெடிதான் இதைச் செய்தது." மூக்கு உடைந்து அவன் விழுந்தான். விழுந்தவனை உதைத்தேன். திரும்பவும் உதைத்தேன்.

"அத்தான், அக்கா உள்ளுக்கை" என்றான். என் காலைத் தள்ளிவிட்டுத் தவழ்ந்துபோய் வெறுங்கையால் தோண்டத் தொடங்கினான். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சரிந்த பனி நின்றவுடன் சீமெந்தாக இறுகிவிடுகிறது. எங்கள் நகங்கள் பிய்ந்தன. முதலில் ஒரு கை தெரிந்தது, பிறகு நீலம் பாய்ந்த முகம். மச்சான் அவள் வாயிலிருந்த பனியை விரலால் தோண்டி எறிந்தான். அவன் மூக்கு இரத்தம் அவள் கன்னத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் இருமினாள். தோள் எலும்பு முறிந்திருந்தது, கொதித்த பால் கொட்டி முழங்கை அவிந்திருந்தது.

சில வருடங்கள் கழித்து, வெடியின் குற்றத்தை உறுதிப்படுத்தலாம் என்ற எண்ணத்தில் நூலகத்திலிருந்து பனிச்சரிவு பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். மலைகளைப் பற்றியதுதான். ஆனால் வாசிக்க வாசிக்க எங்கள் கூரைதான் தெரிந்தது. அடியில் பிடிமானமற்ற பழம்பனி, இடையில் உறைந்த ஓடு, மேலே காற்றுக் குவித்த புதுப்பனியின் பாரம், செங்குத்து, திடீர் வெயில். போதாததற்கு வீட்டுச் சூடும், சுவரோரம் நான் மூட்டிய நெருப்பும். பனியில் வெடிப்புத் தெரிந்தால் அதன்கீழே நிற்கவே கூடாது என்றிருந்தது. தள்ளி நின்று போடும் சத்தத்தால் பனி சரிவதில்லை என்றும் இருந்தது.

சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய் மெல்லச் சொன்னேன். "சத்தத்தாலை இல்லையாம்."

"எனக்குத் தெரியும்" என்றாள். "வாய்க்குள்ளை பனி போகுமட்டும் கத்தினன். உங்களுக்குக் கேக்கேல்லை. ஆனா மேலை நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது. எண்ணிக்கொண்டு கிடந்தன்."

"என்னத்தை?"

"நீங்கள் தம்பிக்குப் போட்ட அடியை."