வரவேற்பறையைத் தாண்டாத சிபாரிசு

வேலை தேடுகிறவர்களுக்கு 'உங்களுக்கு ஏற்றவை' என்று கணினி மூலம் வேலைகளைச் சிபாரிசு செய்வது எங்கள் பிழைப்பு. இரண்டாயிரங்களில் இணையத்தில் வேலை தேடி நொந்தவரா நீங்கள்? எனக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு.

கதவைத் தட்டிய ஷபானா

கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் அலுவலகத்துக்கு ஒருநாள் துறைமுகப் பேட்டையான கார்டன் ரீச்சிலிருந்து ஷபானா என்ற பெண் நேரிலேயே வந்துவிட்டாள். மின் பொறியியல் டிப்ளமோ, நல்ல மதிப்பெண். கூடப் படித்த பையனுக்கு எங்கள் தளம் தொழிற்சாலை வேலைகளாகக் காட்ட, இவளுக்கு எப்போதும் வரவேற்பாளர் வேலைதான். நிரல் எழுதியவள் நான் என்று தெரிந்ததும், வங்காள வழக்கப்படி 'தீதி' என்று அக்கா முறை வைத்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"தீதி, நான் படிச்ச படிப்பை உங்க மெஷின் படிக்கவே இல்லையா?"

முதல் வைத்தியம்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆணா பெண்ணா, எந்தப் பேட்டை என்ற விவரங்களைக் கணக்கிலிருந்தே தூக்கினேன். பெருமையாக அவளுக்கு போன் செய்தால், மறுபடியும் வரவேற்பறை! வேறெதுவும் காட்டாததால் அவள் முன்பு அந்த வேலைகளைத் திறந்து பார்த்திருந்தாள். அதுதான் அவள் ஆசை என்று மெஷின் முடிவு கட்டியிருந்தது.

"ஹாஸ்டல்ல தினமும் பூசணிக்காயே போட்டுட்டு, இவளுக்குப் பூசணிக்காதான் பிடிக்கும்னு சொல்ற மாதிரி இருக்கு, தீதி."

பூஜை விடுமுறை

நான் விடுவதாக இல்லை. யார் எதைத் திறந்து பார்த்தாலும் சரி, ஒவ்வொருவரின் இணையப் பக்கத்திலும் பாதி இடம் படிப்புக்கேற்ற வேலைகளுக்கு மட்டுமே என்று எழுதிக்கொண்டு மேலாளர் சென் பாபுவிடம் போனேன். ஆள் தேடி எங்களுக்குப் பணம் கட்டும் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார். துர்கா பூஜை வந்தது. ஊரே பந்தல் பார்க்கக் கிளம்பியபோது மறுபடி கேட்டேன்.

"பூஜை வாரத்துல கல்கத்தாவுல எவன் வேலை தேடப்போறான்? என்னவோ பண்ணித் தொலை."

தேடுவதற்கு ஒருத்தி இருந்தாள். கரியாஹாட் பக்கமிருந்து மேளச்சத்தம் வந்துகொண்டிருக்க, நான் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அந்த மாற்றத்தைச் செய்தேன்.

தொழிற்சாலையிலிருந்து ஒரு போன்

புதுப் பட்டியலைப் பார்த்து விண்ணப்பித்த ஷபானாவுக்கு ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை கிடைத்தது. சில வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலை அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். சென் பாபு முகம் வெளுத்து, போனை என்னிடம் நீட்டினார். புகாராகத்தான் இருந்தது.

"இந்த மாதிரி ஆளுங்களை இத்தனை நாள் எங்க கண்ணுல காட்டாம எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

பூஜை முடிந்தும் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுக்கச் சொல்ல சென் பாபுவுக்கு வாய் வரவில்லை. பாரபட்சத்தை மெஷின் தானாகவே கற்றுக்கொண்டது. அதை மறக்கவைக்கத்தான் சம்பளம் கொடுத்து ஒருத்தியை உட்காரவைக்க வேண்டியிருந்தது.