அக்காவுக்கு எடுத்துப்போன ஆற்றுத் தண்ணீர்

அக்காவைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்து முப்பது வருடம். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பைக் குறை சொல்லாமல் அவள் ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எங்கள் ஊர் ஆற்றின் குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு கேன் ஆற்றுத் தண்ணீர் பிடித்துக் காரில் வைத்துக்கொள்வேன். "பொறந்த வீட்டுச் சீர் வந்துட்டு" என்பாள். அல்வா கொண்டுபோனால்கூட அப்புறம்தான் பிரிப்பாள்.

காருக்குப் பதினெட்டு வயது. காலையில் எடுத்தால் தரையில் பச்சையாக ஒரு திட்டு கிடக்கும். "ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சிருக்கு அண்ணாச்சி. கூலண்டு ஒழுகுது. கால் மணி நேர வேலைதான், மாத்திருவோம்" என்றார் மெக்கானிக். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். எதையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அக்கா படுக்கையில் விழுந்து மாதக்கணக்காகியிருந்தது. அந்த வாரமே அத்தான் போன் செய்தார்.

"ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல மாப்ள. ஆத்துத் தண்ணி ஒரு வாய் வேணும்னு கேக்கா. ஒடனே வா."

கேனை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில், பனங்காட்டுக்கு நடுவே, சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி வந்தது. சூடு தணியும்வரை நின்று, கையில் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே சொட்டு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வீடோ கிணறோ இல்லை. ஹோஸைத் துணியால் இறுகக் கட்டி, கேனில் பாதியை ஊற்றினேன். கொஞ்ச தூரத்தில் முள் மறுபடி ஏறியது. ஒரு டம்ளராவது மிச்சம் வைக்கப் பார்த்தேன். நான் போய்ச் சேராமல் தண்ணீர் மட்டும் எதற்கு என்று அதையும் கவிழ்த்தேன்.

அக்கா விழித்துத்தான் இருந்தாள்.

"தண்ணி கொண்டாந்தியாலே?"

"கொண்டாந்திருக்கேன்க்கா."

அடுக்களைக் குடத்தில் மொண்டு வந்து, அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, கரண்டியால் கொடுத்தேன். முப்பது வருடம் அந்த உப்பைக் குடித்த நாக்கு. என் முகத்தையே பார்த்தபடி விழுங்கினாள்.

"இனிக்குதுலே" என்றாள்.

மறுநாள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் சொன்னது சரிதான், கால் மணி நேர வேலைதான். அந்தக் கால் மணி நேரமும் பட்டறை வாசலில் உட்கார்ந்து அழுதேன்.