அர்த்தனாரியின் பங்காளிச் சொற்கள்

அர்த்தனாரி 1981 மே 14 அன்று மலைமேல் ஆலத்தூர் நாட்டில் பிறந்தார்; சில ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு அந்த மலையில் நாடு என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு தேறினார். 2005 இல் எடப்புளி நாட்டுச் சுகுணாவை மணந்தார். ஒரே மகள் சுஜிதா. 2013 ஜூன் 3 முதல், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு தகரக் கூரையின் கீழ் மேசை போட்டு மனு எழுதி வருகிறார். இவை யாவும் அவருடைய பதிவேட்டிலேயே உள்ள விவரங்கள். பதிவேட்டில் ஏறாத எதுவும் உலகில் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை.

பதிவேட்டைக் காட்டிலும் அவர் உயர்வாக மதித்தது ஒரு நீல அட்டை நோட்டை. அதில் நாற்பத்தொரு நீண்ட ஆங்கிலச் சொற்கள் பொருளுடன் குடியிருந்தன. எல்லாவற்றுக்கும் ‘இஃபிகேஷன்’ என்ற, ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்துள்ள ஒரே வால். வெரிஃபிகேஷன் என்றால் சரிபார்த்தல். ரெக்டிஃபிகேஷன் என்றால் திருத்துதல். எலக்ட்ரிஃபிகேஷன் என்றால் மின்வசதி செய்தல். சப்போனிஃபிகேஷன் என்றால் கொழுப்பு சோப்பாக மாறுதல். இந்தக் கடைசிச் சொல்லை ஏதேனும் ஒரு மனுவில் நுழைத்துவிட அவர் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார். சோப்பு தொடர்பாக மலையில் ஒருவருக்கும் அரசிடம் குறை இல்லாமற்போனது அவருடைய துரதிருஷ்டம். விபரீதமாக உருமாறுதல் என்று பொருள்படும் டிரான்ஸ்மாக்ரிஃபிகேஷனுக்குப் பதினெட்டு எழுத்து. ஆகவே அதற்கு மட்டும் தனிப் பக்கம், சுற்றிலும் சிவப்புக் கோடு.

வாடிக்கையாளர்களும் அவருக்கு ஏற்றவர்களாகவே வாய்த்தார்கள். மிளகு விவசாயி மாணிக்கம் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார்: “ஏனுங்க, போன தடவை போட்ட வார்த்தை பத்தலைங்க. ஆபீசர் மூச்சு விடாமப் படிச்சுட்டாரு.”

“எத்தனை எழுத்து வேணும்?”

“படிக்கறவரு நடுவுல நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணி குடிக்கோணும். அந்தளவுக்குப் போடுங்க சாமி.”

அர்த்தனாரியிடம் மீறக்கூடாத விதி ஒன்று இருந்தது. ஒரே குலத்தில் பிறந்த பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது என்பது மலை அறிந்த முறை. ஒரே வாலுடைய சொற்கள் ஒரே குலத்துப் பங்காளிகள் அல்லாமல் வேறென்ன? எனவே அவற்றில் இரண்டை ஒரே மனுவில் சேர்ப்பது முறைகேடு என்று அவர் தீர்மானித்திருந்தார். இரண்டு சொல் தேவைப்பட்டால் இரண்டு மனு. இரண்டு மனுவோடு போனவர்கள் மாதக்கணக்கில் அவரிடமே திரும்பத் திரும்ப வந்தார்கள். அதை அவர் வாடிக்கையாளரின் விசுவாசம் எனப் பதிவு செய்தார்.

2025 ஜூன் 2 அன்று சுஜிதாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுடைய சாதிச் சான்றிதழில் சொந்த ஊர், தாய் பிறந்த எடப்புளி நாடு என்றிருந்தது. பள்ளிச் சான்றிதழிலோ ஆலத்தூர் நாடு. ஊரைச் சரிபார்த்துத் திருத்திய சான்றிதழை ஜூன் 27 மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

தகப்பனார் மறுநாளே இரண்டு மனு எழுதினார். ஒன்றில் வெரிஃபிகேஷன், மற்றதில் ரெக்டிஃபிகேஷன். ஜூன் 11 அன்று தாலுகா அலுவலகத்தின் முதல் மேசையிலிருந்து பதில் வந்தது: ‘திருத்தம் முடிந்தபின் சரிபார்க்கப்படும்.’ அதற்கு மூன்றடி தள்ளியிருந்த இரண்டாம் மேசையிலிருந்தும் வந்தது: ‘சரிபார்ப்பு முடிந்தபின் திருத்தப்படும்.’ இரண்டும் முறையான பதில்கள் என்று அர்த்தனாரி மெச்சினார், கோப்பில் சேர்த்தார், காத்திருந்தார்.

ஜூன் 25 காலை, மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சுகுணா வாயைத் திறந்தாள்.

“ஏனுங்க, பொண்ணு சீட்டு போவுது. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதிக் குடுங்களேன்.”

“ரெண்டும் பங்காளி. பங்காளிக்குள்ள சம்பந்தம் பண்ணி வைக்கச் சொல்றியா?”

“அப்பா, அதுங்களுக்கு இன்னும் கல்யாண வயசு ஆகலைப்பா,” என்றாள் சுஜிதா. “எனக்குத்தான் காலேஜ் வயசு ஆயிப்போச்சு.”

“நீ சும்மா இரு கண்ணு. முறைன்னு ஒண்ணு இருக்குது.”

சுகுணா கத்தியைக் கீழே வைத்தாள். “சரிங்க, உங்க முறைப்படியே கேக்கறேன். உங்க தம்பி எங்க குடியிருக்காரு?”

“இதே ஊட்டுலதான்.”

“அவரு உங்களுக்கு என்ன வேணும்?”

“பங்காளி.”

“ஒரே கூரையில இருக்கறீங்க, ஒரே சட்டியில சோறு திங்கறீங்க. முறைகேடுன்னு எந்த ஊர்க்கூட்டமாச்சும் வந்து கேட்டுச்சுங்களா? அதுங்களுக்குத் தாலி கட்டி வைங்கன்னா சொன்னேன்? ஒரு தாள்ல குடி வைங்கன்னுதான சொல்றேன்!”

அர்த்தனாரி நீல நோட்டை எடுத்து வந்தார். அதன் முதல் பக்கத்தில், விதிக்குக் கீழே, தாமே கண்டுபிடித்தவரைப் போன்ற கம்பீரத்துடன் எழுதினார்: ‘கூட்டுக் குடித்தனம் அனுமதிக்கப்படும்.’

ஜூன் 26 காலை இரண்டு சொற்களும் ஒரே மனுவில் அலுவலகம் சென்றன. முதல் மேசைக்காரர் சரிபார்த்து, நாற்காலியிலிருந்து எழாமலே கையை நீட்டி இரண்டாம் மேசையில் வைத்தார். ஜூன் 27 பிற்பகல் மூன்று நாற்பதுக்குச் சுஜிதா திருத்திய சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்தாள்.

அன்று மாலை மாணிக்கம், சில மாதங்களுக்கு முன் இங்கே எழுதி வாங்கிப் போன தம் இரண்டு மனுக்களும் என்னவாயின என்று கேட்க வந்தார். அர்த்தனாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பதிவேட்டை 2013 இலிருந்து புரட்டி, சிவப்பு மையால் ஒவ்வொன்றாகக் குறியிட்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் கூட்டி எழுதினார்.

ஒன்றாக எழுதியிருக்கக்கூடியதை இரண்டாகப் பிரித்து எழுதிய இனங்கள்: 318.