சுதாகரன் அண்ணையும் இரண்டு ஓட்டை இன்டர்ஃபேஸும்

சுதாகரன் அண்ணை இன்று காலை போய்விட்டார். பருத்தித்துறையில் சவுண்ட் சாமான் கடை வைத்திருந்த சுதாகரன் அண்ணை. மாரடைப்பாம்... நாற்பத்தெட்டு வயது.

அவருடைய மனைவி வாணி அக்காதான் போன் எடுத்துச் சொன்னார். நான் அச்சுவேலித் தபால் கந்தோரில் கவுண்டரில் இருந்தேன். முன்னால் நின்றவர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

அவரை எனக்குத் தெரிய வந்தது போன வருடம்தான். நானே எழுதி நானே மெட்டுப் போட்ட ஒன்பது பாட்டு என்னிடம் இருந்தது. வீட்டிலேயே ஒழுங்காகப் பதிய வேண்டும். அதற்கு ஓடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும்... மைக்கில் பாடுவதை லப்டொப்புக்குள் அனுப்புகிற சின்னப் பெட்டி.

ஒரு மாதமாக யூடியூப் பார்த்து, பெரிய லிஸ்ட் எழுதிக்கொண்டு போனேன். எட்டு மைக் குத்தலாம், பத்து மைக் குத்தலாம் என்கிற சாமான்கள் எல்லாம் அதில் இருந்தன.

அண்ணை லிஸ்டை முழுதாக வாசித்தார். பிறகு கேட்டார்.

"ஒரே நேரத்திலை எத்தினை பேர் பாடப்போறியள்?"

"நான் மட்டும்தான் அண்ணை."

"அப்ப எட்டு ஓட்டை எதுக்கு? ஒண்டு உங்களுக்கு, ஒண்டு கீபோட்டுக்கு. ரெண்டு காணும். உந்த லிஸ்டை மடிச்சு வையுங்கோ."

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. ஆனால் மனுசன் விடவில்லை. அறை எவ்வளவு பெரிசு? ஃபான் சத்தம் போடுமா? லப்டொப் எத்தனை வருசம்? மெதுவாகப் பாடுவீர்களா, எடுத்துப் பாடுவீர்களா? இன்டர்ஃபேஸ் வாங்க வந்த என்னிடம் வீட்டு யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பிறகு ஒரு பெட்டியைப் பொருத்தி, என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டார். பாடச் சொன்னார். நான் பாடுவது காதுக்குச் சற்றுப் பிந்தி வந்தது... ஆரோ பின்னால் நின்று பழித்துக்காட்டுவது போல. முன்னால் இருந்த ஒரு பட்டனை அமத்தினார். குரல் உடனே வாயோடு ஒட்டிக்கொண்டது.

"இப்ப என்ன கேக்குது?"

"சரியா இருக்கு."

"இடப்பக்கம்?"

"சின்ன இரைச்சல் ஒண்டு..."

வயரை மாற்றினார். "இப்ப?" இன்னொரு வயர். "இப்ப?" ஹெட்போனை ஒரு தரம்கூட அவர் போட்டுப் பார்க்கவில்லை. பொம்பிளைக்கு என்ன தெரியும் என்று சோதிக்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் அண்ணை, உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"ஓம். இடது காது கேளாது தங்கச்சி. சின்னனிலை கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கினது. வீக்கம் வத்த, காதும் போச்சுது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ரெண்டு காதுள்ள ஆக்கள் கடைக்கு வருவினம்தானே. அவையளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் சாமான் பாக்கிறது."

இரண்டு ஓட்டைப் பெட்டிக்கே ஓம் என்றேன். கொழும்பிலிருந்து வர ஆறு கிழமை ஆகும் என்றார். எனக்கு ஆறு கிழமை இல்லை.

"என்ன அவசரம்?"

"அடுத்த மாதம் கழுத்திலை ஒப்பரேஷன். தைரொயிட். குரல் மாறினாலும் மாறலாம் எண்டு டொக்டர் சொன்னவர்."

வெளி ஆட்களிடம் அதுவரை நான் சொல்லாத விஷயம். வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை.

அண்ணை நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எத்தினை பாட்டு?" என்றார்.

"ஒன்பது."

தன் மேசையில் இருந்த இன்டர்ஃபேஸைக் கழற்றினார். ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போடும் கடை விளம்பரங்களை அவர் அதில்தான் பதிவது. வயரைச் சுற்றி என் பையில் வைத்தார். "அப்ப உங்கடை வேலை?" என்றேன். "போனிலை பதிஞ்சு சமாளிப்பன். நீங்கள் போய்ப் பாடுங்கோ."

எட்டுப் பாட்டுப் பதிந்தேன். ஒன்பதாவதுக்கு நேரம் காணவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம் குரலே இல்லை. வெறும் காற்று. புதுப் பெட்டி வந்துவிட்டது என்று அண்ணை மெசேஜ் போட, அவருடையதை எடுத்துக்கொண்டு போனேன். என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது என்று கொப்பியும் பேனையும் கொண்டு போனேன்.

அவர் கொப்பியைப் பார்க்கவே இல்லை. புதுப் பெட்டியில் மைக்கைக் குத்தி என் முன்னால் வைத்தார். "ஏதாவது சொல்லுங்கோ."

"அண்ணை..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

சத்தத் திருகைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பச்சை லைட் ஒரு துளி மினுங்கியது. வலது காதை ஸ்பீக்கரோடு வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா" என்றார்.

"அண்ணை."

"ஆ... கேக்குது! வடிவாக் கேக்குது!"

கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுவிட்டேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரிப் பெட்டியைப் பொதி பண்ணினார்.

குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. முந்தினது இல்லை. கட்டை. மேலே போகாது. போன மாதம் அந்த ஒன்பதாவது பாட்டை இந்தக் குரலில் பதிந்து, ஒன்பதையும் அவருக்கு அனுப்பினேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அப்படியே போடுகிறேன்.

"தங்கச்சி, எல்லாம் கேட்டன். எட்டும் நல்லம். ஆனா கடைசிப் பாட்டிலை மட்டும் நீங்கள் பக்கத்துக் கதிரையிலை இருந்து பாடிற மாதிரி இருக்கு. மைக் அதே மைக். பெட்டிதான் வேறை, ஆனா அது காரணமில்லை. மைக்குக் கிட்ட இருந்தனீங்களோ? இல்லாட்டிக் குரலோ? எனக்குப் பிடிபடேல்லை."

எனக்கும் பிடிபடவில்லை. "தெரியேல்லை அண்ணை. ஞாயிறு வாறன், இருந்து கேப்பம்" என்று எழுதினேன். கட்டைவிரல் ஒன்று போட்டிருந்தார்.

நாளைக்கு ஞாயிறு. பத்து மணிக்குக் கிரியை என்று வாணி அக்கா சொன்னார்.

வாறன் அண்ணை.