சாவியைக் காணோம் என்று அண்ணன் சொன்ன நாள்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். சூலூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் மகன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் பஸ் ஏறினான். அவன் ஆயுதப்படைக் காவலர். நான்கு மாதமாக விடுப்பு இல்லை, சரியான தூக்கமும் இல்லை. பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போய், பக்கத்து வீட்டுப் போனில் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "வாட்ச்ச எதுக்கு அம்மணி குடுத்தான்? செரி, போன வைய்யி. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணன் அன்னூரில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டுக் காவல்துறையில் சேர்ந்து எங்களைக் கரையேற்றியவர். ஏட்டாகி, கோவையில் என் மகன் இருந்த படையிலேயே துப்பாக்கி அறையின் பொறுப்பில் இருந்தார். உடன் பணியாற்றிய நண்பர் ஒருவரைத் தற்கொலையில் இழந்தவர். "சாகறதுக்கு மொத நாளு எங்கிட்ட பேனாவக் குடுத்தான் அம்மணி. நானும் வாங்கிச் சட்டையில குத்திக்கிட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

அன்று மகன் துப்பாக்கி வாங்க வந்து நின்றபோது, அறைச் சாவி அண்ணனின் தூக்குப்போசியில் தயிர்சாதத்துக்கு அடியில் இருந்தது.

"சாவியக் காணோம் மாப்ள. உக்காரு, தேடலாம்."

பக்கத்தில் உட்கார வைத்து நேராகவே கேட்டிருக்கிறார். "செத்துப்போலாம்னு நெனைக்கறியா?" மகன் உடைந்து அழுதிருக்கிறான். அண்ணன் புத்தி சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை கூடவே இருந்து, இன்ஸ்பெக்டரிடம் அழைத்துப்போய் விடுப்பு வாங்கினார். காவல் மாற்றத் தாமதமானதற்கு அண்ணனுக்கு மெமோ வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று அண்ணியிடம் கேட்டாராம்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, துப்பாக்கி வாங்க வரும் ஒவ்வொருவரிடமும், "தூங்கினயா? ஊட்ல பேசினயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். "ஏட்டய்யா துப்பாக்கி குடுக்கறாருங்களா, பொண்ணு குடுக்கறாருங்களா?" என்று கேலி செய்வார்களாம். பதில் சொல்லத் தயங்கியவரை மட்டும் டீ குடிக்கக் கூட்டிப்போவார்.

சென்ற ஆண்டு, அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார். நிறைவான வாழ்வு. கேள்வி கேட்காமல் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்டர், பல மாதம் மகனைப் பொறுமையாகப் பார்த்த மருத்துவர், போன் தந்த பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் நன்றி. மகன் வரும் பஸ் தாமதமானால் இன்றும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். அப்போதெல்லாம் அந்த மாலையை நினைத்துக்கொள்வேன்.

அன்று ஏழரை மணி பஸ்ஸில் அண்ணனும் மகனும் வந்து இறங்கினார்கள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். மகன் உள்ளே வந்து கையை நீட்டினான்.

"அந்த வாட்ச்சக் குடுங்கம்மா. காலைல ஒம்பது மணிக்கு டாக்டரப் பாக்கோணும்."