இன்று சரியாக வந்த இறந்தகாலம்

மார்த்தாண்டத்தில் இருபத்திரண்டு வருடம் நடத்திய பாத்திரக்கடையை இன்று காலை விற்றுக் கையெழுத்துப் போட்டேன். மகள் ஜெர்மனியில் நர்ஸ். இனி அவளோடுதான்.

மாலையில் வழக்கம்போல, என்னோடு மொழி பழகும் ஜெர்மன்காரி ஹன்னா வீடியோவில் வந்தாள். அவள் எனக்கு ஜெர்மன் சொல்லித்தருவாள், நான் அவளுக்குத் தமிழ். என் தொழிலைப் பற்றிச் சொல்லச் சொன்னாள்.

"இஷ் ஹாபெ ஐனன் லாடன்." எனக்கு ஒரு கடை இருக்கிறது. பழக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு நானே, "ஹாபெ இல்ல, ஹட்டெ" என்றேன். இருந்தது.

எப்போதும் என்னைத் திருத்துகிறவள் கைதட்டினாள். "கொள்ளாம் மக்கா! இறந்தகாலம் தப்பில்லாம வந்துட்டுதே!" எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த எங்கள் ஊர்த் தமிழ்.

"டாங்கெ" என்று நன்றி சொன்னேன். கடை போனதைச் சொல்லவில்லை. சொல்லவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை.

நாளைக் காலை, கடை திறக்கிற ஒன்பது மணிக்கு, நான் எங்கே போய் நிற்க? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்த மொழியானாலும் சரி.